பதினாறும் நூற்றிருபத்தைந்தும்

திருவண்ணாமலையில் சூரியன் ஒரே நாளில் இரண்டு தடவை மறையும். கோயிலும் ஊரும் மலைக்குக் கிழக்கே இருக்கின்றன. அதனால் சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் மலையின் நிழல் பேகோபுரத்தைத் தொட்டுவிடும். அங்கிருந்து பிராகாரம் பிராகாரமாக நகர்ந்து, ராஜகோபுரத்தைத் தாண்டி, தேரடி வீதிக்கு வந்து சேரும். அதே நேரத்தில் மலையைச் சுற்றிக்கொண்டு ஆதி அண்ணாமலைப் பக்கம் போனால் அங்கே இன்னும் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். சூரியன் நிஜமாகவே அடிவானத்தில் இறங்க மேலும் ஒரு மணி நேரம் ஆகும்.

இந்த இரண்டு மறைவுக்கும் நடுவில் ஊருக்கென்று ஒரு தனி வெளிச்சம் உண்டு. நேர் வெயில் கிடையாது, இருட்டும் கிடையாது. மேலே வானம் பகலாகவே இருக்கும். கீழே யாருடைய மூக்கின் கீழும், புருவத்தின் கீழும் கருநிழல் விழாது. மனிதர்கள் கண்ணைச் சுருக்காமல் நிமிர்ந்து பார்ப்பார்கள். ஊரில் ஸ்டுடியோ வைத்திருந்த என் சித்தப்பா, மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புகிற பெண்களின் படங்களையெல்லாம் மொட்டை மாடியில் இந்த ஒரு மணி நேரத்தில்தான் எடுப்பார். "மலை நமக்குக் குடை பிடிக்குது பாப்பா" என்பார். ஆனியில் சூரியன் மலையின் வடக்குச் சரிவில் இறங்கும், மார்கழியில் தெற்குச் சரிவில் இறங்கும் என்பதும், அதற்கேற்ப அந்தக் குடை விரியும் நேரம் மாறும் என்பதும் அவருக்கு நாட்காட்டி இல்லாமலே தெரியும்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆனது 1989-இல். அதற்கு முன் வட ஆற்காட்டில் அடங்கிய ஊர். சித்தப்பாவின் ஸ்டுடியோ தேரடி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது. முன்னறையில் ஏரியும் அன்னமும் வரைந்த திரைச்சீலை, இரண்டு பெரிய பல்புகள், ஒரு முக்காலி. பின்னறை டார்க் ரூம். பள்ளிக்கூடம் விட்டால் நான் அங்கேதான் இருப்பேன். "பொட்டப் புள்ளைக்கு இருட்டு ரூம்ல இன்னா வேலை?" என்று ஆயா கேட்பாள். "கணக்கு கத்துக்குதும்மா" என்று சித்தப்பா பதில் சொல்வார். அவர் சொன்னது உண்மைதான்.

அவருடைய கேமரா யாஷிகா மேட் 124ஜி. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு லென்ஸ். மேல் லென்ஸ் பார்ப்பதற்கு, கீழ் லென்ஸ் படம் எடுப்பதற்கு. கேமராவை வயிற்றோடு வைத்துக்கொண்டு, மேல் மூடியைத் திறந்து, குனிந்து பார்க்க வேண்டும். சதுரக் கண்ணாடியில் உலகம் நேராகத்தான் தெரியும், ஆனால் இடம் வலம் மாறியிருக்கும். கிழக்கிலிருந்து வருகிற மாட்டு வண்டி கண்ணாடிக்குள் மேற்கிலிருந்து வரும். குழந்தையின் உயரத்துக்கு அது எவ்வளவு பொருத்தமான கருவி என்று இப்போது தோன்றுகிறது. பெரியவர்கள் குனிந்து பார்க்கிற இடத்தில் நான் நின்றபடி பார்த்தேன். ஒரு சுருள் 120 ஃபிலிமில் பன்னிரண்டு படம். லென்ஸ்களுக்கு இரண்டு பக்கமும் சின்னச் சக்கரங்கள் இருக்கும். ஒன்றைத் திருப்பினால் துளை, மற்றொன்றைத் திருப்பினால் ஷட்டர். திருப்பிய எண்கள் இரண்டும் மேலே ஒரு சிறு ஜன்னலில் தெரியும்.

அந்த கேமராவில் வெளிச்சத்தை அளக்கிற முள்ளும் உண்டு. அதற்குப் போட வேண்டிய மெர்க்குரி செல் எங்கள் ஊரில் கிடைக்காது. செல் தீர்ந்த பிறகு சித்தப்பா வேறு வாங்கவே இல்லை. முள் செத்துக் கிடந்தாலும் ஷட்டர் முழுக்க முழுக்க இயந்திரம் என்பதால் வேலை நிற்கவில்லை. வெளிச்சத்தைக் கண்ணாலேயே அளந்தார்.

ஃபிலிம் பெரும்பாலும் ஓர்வோ, கிழக்கு ஜெர்மனியின் வோல்ஃபன் நகரத்துச் சரக்கு. என்பி 22 என்று பெயர், வேகம் 125 ஏஎஸ்ஏ. அது கிடைக்காத மாதங்களில் ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த இந்து ஃபிலிம். தெளிவான வெயிலில் துளையை எஃப் 16-இல் வை; ஃபிலிமின் வேகம் எவ்வளவோ அந்த எண்ணையே ஷட்டருக்கும் வை. இவ்வளவுதான் விதி. உலகம் முழுவதும் போட்டோக்காரர்கள் கையாண்ட விதி இது. ஓர்வோவுக்குப் பதினாறு, நூற்றிருபத்தைந்து. அதாவது ஒரு விநாடியில் நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கு நேரம்.

ஆனால் தெளிவான வெயில் என்றால் எது? கேமராவைத் தொடவிடுவதற்கு முன்னால் சித்தப்பா எனக்குக் கற்றுக்கொடுத்தது நிழல் பார்க்க. சந்து முனையில் என்னை நிறுத்துவார்.

"உன் நிழல் எப்டி கீது, சொல்லு பாப்பா."

பின்னிய சடையின் நுனி முடிகூடத் தரையில் தனித்தனியாகத் தெரிந்தால் பதினாறு. தலையும் தோளும் தெரிந்து, விளிம்பு மட்டும் கரைந்திருந்தால் பதினொன்று. நிழல் இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டியிருந்தால் எட்டு. நிழலே இல்லையென்றால் ஐந்து புள்ளி ஆறு. மலை குடை பிடிக்கிற நேரமும் அந்த ஐந்து புள்ளி ஆறில் சேர்த்திதான். எண் சிறுத்தால் துளை பெருக்கும் என்ற தலைகீழ்க் கணக்கை அவர் விளக்கவே இல்லை. கேமராவின் பின்மூடியைத் திறந்து, சக்கரத்தை மெதுவாகத் திருப்பி, இதழ்கள் சுருங்கி விரிவதைக் காட்டினார். பார்த்துக்கொண்டேன்.

அடுத்த பாடம் நிழலின் நீளம். என் நிழல் என் உயரத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போனால் துளையை ஒரு படி, அதாவது வரிசையில் அடுத்த சிறிய எண்ணுக்கு, திறக்க வேண்டும். காலையில் சூரியன் எழுந்து இரண்டு மணி நேரம் வரையிலும், சாயங்காலம் கடைசி இரண்டு மணி நேரத்திலும் அப்படித்தான் இருக்கும். பக்கவாட்டிலிருந்து வெயில் விழுந்தால் ஒரு படி, எதிரில் நிற்பவரின் முதுகுக்குப் பின்னால் சூரியன் இருந்தால் இரண்டு படி. இந்தக் கடைசி விதி எங்கள் ஊருக்கு ரொம்ப முக்கியம். ராஜகோபுரத்தின் கிழக்கு முகம் நண்பகலுக்கு மேல் தன் நிழலிலேயே நிற்கும். வெளியூர்க்காரர்கள் மத்தியானம் வந்து இறங்கி, தேரடி வீதியில் நின்று, ஒளிரும் வானத்துக்கு முன்னால் கறுத்த கோபுரத்தை எடுத்துக்கொண்டு போவார்கள். சித்தப்பாவோ காலை எட்டு மணிக்கு எதிர் வரிசையில் ஏதாவது ஒரு மாடியில் இடம் கேட்டு ஏறிவிடுவார். கீழே நின்று கேமராவை அண்ணாந்து பிடித்தால் 217 அடிக் கோபுரம் படத்தில் பின்னால் சாய்ந்துவிடும் என்பது மாடி ஏறுவதற்கு இன்னொரு காரணம்.

நான்கு கோபுரத்துக்கும் அவரிடம் தனித்தனி காலம் இருந்தது. வடக்கே நிற்பது அம்மணி அம்மன் கோபுரம். சென்னசமுத்திரத்திலிருந்து வந்த அம்மணி அம்மாள் வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டி எழுப்பிய கோபுரம் அது. அதன் வடக்கு முகத்தில் உச்சி வெயில் விழுவது வருஷத்தில் நாலு மாதம் மட்டும். சித்திரை முற்பகுதி கழிந்து ஆவணி பிறக்கும்வரை நம் ஊர்ச் சூரியன் நண்பகலில் தலைக்கு வடக்கே நிற்கும். மற்ற மாதங்களில் அந்த முகம் நிழல்தான். அதனால் அம்மணி அம்மனை ஆனியில் எடுப்பார். தெற்கே இருக்கும் திருமஞ்சன கோபுரத்துக்கு மார்கழி, தை. மேற்கே பேகோபுரத்துக்கு மலை நிழல் வருமுன் மத்தியானம் மூன்று மணி. ஒரு படத்துக்காக ஆறு மாதம் காத்திருப்பது அவருக்குப் பெரிய விஷயமாகவே தெரியாது. வானம் பார்த்து விதைக்கிற குடும்பத்தில் பிறந்தவர்.

என் வாய்ப்பாட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அவர் பென்சிலால் எழுதிக் கொடுத்த வரிசை இது: 22, 60. 16, 125. 11, 250. 8, 500. நான்கு ஜோடியும் ஃபிலிமுக்குக் கொடுக்கிற வெளிச்சம் ஒன்றேதான். துளையைப் பாதியாக்கினால் நேரத்தை இரட்டிப்பாக்க வேண்டும், அவ்வளவே. பிறகு எதற்கு நான்கு? அதற்கு விடை சொல்ல என்னை சைக்கிளின் முன்கம்பியில் உட்காரவைத்துக் கிரிவலப் பாதைக்கு அழைத்துப்போனார்.

அந்தப் பாதையில் அங்கங்கே சின்ன நந்திகள் மலையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். ஒரு நந்தியின் முதுகுக்குப் பின்னால் ஒன்பது பத்தடி தள்ளி முக்காலியைப் போட்டார். நந்தியும் துல்லியமாக வேண்டும், ஒன்றரை மைலுக்கு அப்பால் உள்ள உச்சிப்பாறையும் துல்லியமாக வேண்டும். துளையை 22-க்குச் சுருக்கினார். லென்ஸின் தூர அளவில் பதினெட்டு அடியை வைத்தார். அந்தத் துளையில் அந்தத் தூரத்தை வைத்தால் ஒன்பது அடியிலிருந்து கண்ணெட்டும் தூரம்வரை எல்லாம் தெளிவாக விழும். நந்தியையும் பார்க்காமல் மலையையும் பார்க்காமல், நடுவில் ஒன்றுமே இல்லாத வெற்றிடத்தில் ஃபோகஸ் வைக்கிறாரே என்று எனக்குப் பெரிய ஆச்சரியம். பிரிண்டில் நந்தியின் கழுத்துமணியும் மலையின் வெடிப்புகளும் ஒரே கூர்மையில் இருந்தன. நந்திக்கும் மலைக்கும் இடையே ஏதோ பேச்சு நடப்பதாக ஒரு படம் சொல்ல வேண்டுமானால் இரண்டும் தெளிவாக இருந்தால்தான் முடியும். அந்தப் படத்துக்கு 22 தேவைப்பட்டது.

தேருக்கு அதற்கு நேர்மாறு. கார்த்திகைத் திருவிழாவின் ஏழாம் நாள் பஞ்சமூர்த்திகளின் தேர்கள் வலம் வரும். அம்மன் தேரைப் பெண்களே வடம் பிடித்து இழுப்பார்கள். தேர் மெதுவாகத்தான் நகரும். இழுக்கிற கைகள் மெதுவாக நகராது. கழுத்து நரம்பு புடைக்க, கால் பதிய, நூறு பேர் ஒரே நொடியில் பின்னால் சாய்கிற அந்த அசைவை உறையவைக்க 500 வேண்டும். 500 வேண்டுமென்றால் துளை எட்டு. கார்த்திகை வானத்தில் மேகம் இருந்து என் நிழல் கரைந்திருந்தால் ஐந்து புள்ளி ஆறு. பின்னால் இருக்கிற கடைகளும் கூரைகளும் மங்கிப்போகும். போகட்டும் என்பார். "இன்னிக்கு வடம்தான் சாமி."

பிற்பாடு நான் கடந்துவந்த எத்தனையோ புத்தகங்கள் துளையையும் ஷட்டரையும் வெளிச்சத்தின் குழாய்கள் என்று விளக்குகின்றன. அது சரிதான், ஆனால் பாதிதான். வெளிச்சம் நான்கு ஜோடியிலும் ஒன்றே. எதைத் தெளிவாக வைப்பது, எதை மங்கவிடுவது, எதை நிறுத்துவது, எதை ஓடவிடுவது என்ற தேர்வுதான் நான்கையும் பிரிக்கிறது. அந்தத் தேர்வைத் தானியங்கி கேமரா தன் போக்கில் செய்துகொள்கிறது. எடுப்பவர் சொல்ல வேண்டிய வாக்கியத்தை இயந்திரம் சொல்லிவிடுவதில் எனக்கு இன்றும் உடன்பாடு இல்லை.

இயந்திரத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வெள்ளைக் கோபுரத்தின் கதை உண்டு. ரமணாசிரமத்தின் பக்கம் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர், முள் நடுவில் நின்றால் வெளிச்சம் சரி என்று காட்டுகிற நல்ல கேமரா ஒன்றோடு ஸ்டுடியோவுக்கு வந்தார். கோபுரப் படம் எல்லாமே அழுக்காக விழுகிறது என்பது அவருடைய குறை. எங்கள் ஊர்க் கோபுரங்களுக்கு மற்ற ஊர்களில் உள்ள பச்சை, நீலம், சிவப்பு கிடையாது. கீழே கருங்கல், மேலே வெளிறிய சுதை. காலை வெயில் அதன்மேல் விழும்போது கண் கூசும். அவருடைய பிரிண்டிலோ அது மழையில் நனைந்த சுவரின் நிறத்தில் இருந்தது.

சித்தப்பாவுக்குத் தெரிந்த இங்கிலீஷ் கொஞ்சம்தான். பேச்சைவிடக் கையால்தான் அதிகம் விளக்கினார். முள்ளுக்கு எல்லாப் பொருளும் ஒன்று. வெள்ளையும் தெரியாது, கறுப்பும் தெரியாது. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். வெள்ளைக் கோபுரத்தைக் காட்டினால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும். கறுப்பு யானையைக் காட்டினால் போதாதென்று நினைத்துக் கூட்டிவிடும். யானையும் கோபுரமும் ஒரே சாம்பலாக முடியும். அதற்கு மருந்து, கோபுரத்தின் மேல் விழுகிற வெயிலிலேயே உள்ளங்கையை விரித்து, முள்ளுக்கு அதைக் காட்டுவது. உள்ளங்கை நடுச்சாம்பலைவிட ஏறத்தாழ ஒரு படி வெளுப்பு. காட்டுகிற அளவிலிருந்து ஒரு படி திறந்துகொண்டு, பிறகு கோபுரத்தை எடுக்க வேண்டும். அந்த மனிதர் வாசலில் நின்று தன் கையை நீட்டிப் பார்த்தார். சித்தப்பா தன் கையையும் பக்கத்தில் நீட்டினார். முள் இரண்டு கைக்கும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நின்றது. தோலின் நிறம் எதுவானாலும் உள்ளங்கைகளுக்குள் வித்தியாசம் குறைவு.

சித்தப்பாவின் பதினாறு ஏன் ஏமாறவில்லை என்று அன்றைக்குத்தான் விளங்கியது. முள் அளப்பது பொருளில் பட்டுத் திரும்பி வருகிற வெளிச்சத்தை. அவர் பார்த்தது பொருளின் மேல் விழுகிற வெளிச்சத்தை. கோபுரம் வெள்ளையா, யானை கறுப்பா என்று பதினாறு கேட்பதில்லை. சூரியன் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்கிறது. அந்த வெயிலில் நிற்கிற எல்லாமும் அதனதன் நிறத்தில் விழுந்துவிடும்.

விழுந்துவிடும் என்றேன். ஒரு இக்கட்டு மட்டும் எப்போதும் உண்டு. உச்சி வெயிலில் வெள்ளை வேட்டி கட்டிய கறுத்த மனிதர். நம் ஊரில் பாதிப் படம் இதுதான். வேட்டிக்கு வைத்தால் முகம் போகும், முகத்துக்கு வைத்தால் வேட்டி போகும். சித்தப்பாவின் பதில் தயக்கமே இல்லாதது: "மூஞ்சிக்குத் தொற." கறுப்பு வெள்ளை நெகட்டிவ் கூடுதல் வெளிச்சத்தைத் தாங்கும். குறைந்துபோனால், நிழலில் பதியாத முகத்தை எந்த மருந்தும் திருப்பிக் கொண்டுவராது. அதனால் ஒரு படி கூடுதலாகக் கொடுத்துவிட்டு, டெவலப்பரில் ஃபிலிமை ஐந்தில் ஒரு பங்கு நேரம் குறைத்துக் கழுவுவார். வேட்டி அடங்கும், முகம் நிற்கும். பிறகு என்லார்ஜரின் அடியில் விரல்களை மடக்கி ஒரு சிறு ஓட்டை செய்து, வேட்டியின் மேல் மட்டும் கொஞ்ச நேரம் வெளிச்சத்தை விடுவார். மடிப்புகள் ஒவ்வொன்றாகக் காகிதத்தில் எழும். ஒரு கூலிக்காரரின் வேட்டி மடிப்புக்கு அவர் கொடுத்த கவனத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

அதைவிட எளிய வழியும் கோயிலுக்குள்ளேயே இருந்தது. ஆயிரங்கால் மண்டபத்தின் ஓரத்தில், வெயில் படாத முதல் தூண் வரிசையில் ஆளை நிறுத்துவார். எதிரே திறந்த பிராகாரத்தின் கல்தரை வெயிலை வாங்கி மேல்நோக்கித் திருப்பி அனுப்பும். தாடைக்கும் கண்குழிக்கும் கீழிருந்து வெளிச்சம் வரும். பெரிய ஸ்டுடியோக்காரர்கள் வெள்ளித் தகடு பிடித்து வரவழைப்பதை அந்தக் கற்கள் சும்மா கொடுத்தன.

ஃபிலிம் கழுவுவது கோடையில் பெரும்பாடு. மருந்துக்கு 20 டிகிரி வேண்டும் என்று டப்பாவில் அச்சடித்திருக்கும். அக்னி நட்சத்திரத்தில் குழாய்த் தண்ணீரே கொதிக்கும். சூட்டில் ஃபிலிமின் மேல்பூச்சு இளகிச் சுருங்கிவிடும். அதனால் விடிகாலை மூன்று மணிக்கு, பானையில் இரவெல்லாம் குளிர்ந்த தண்ணீரை எடுத்து, மருந்துப் பாட்டிலை ஐஸ் கட்டி மிதக்கும் பேசினில் நிறுத்தி வேலையைத் தொடங்குவார். தெர்மாமீட்டரைப் பார்த்துச் சொல்வது என் பொறுப்பு. ஹைப்போவின் புளித்த வாசனையோடு விடிந்த அந்தக் காலைகளில், ஈர ஃபிலிமைக் கிளிப்பில் மாட்டித் தொங்கவிட்டு வெளியே வந்தால், மலை மெல்ல நிறம் பெற்றுக்கொண்டிருக்கும். அந்நாளில் மலை பெரும்பகுதி மொட்டைப் பாறை. மழைக்காலம் வந்தால் சித்தப்பா மஞ்சள் ஃபில்டரை மாட்டி, அதற்காக ஒரு படி திறந்து, வெள்ளை மேகமும் கறுத்த வானமுமாக அதை எடுப்பார். ஃபில்டர் இல்லாவிட்டால் நீல வானமும் மேகமும் ஒரே வெளுப்பாக ஒட்டிக்கொள்ளும்.

ஸ்டுடியோவில் ரமணரின் படம் ஒன்று மாட்டியிருந்தது. பெங்களூர் போட்டோக்காரர் வெல்லிங் 1946-இல் எடுத்தது, ஊரில் எந்த வீட்டிலும் இருப்பது. அதைப் பார்த்தபடி சித்தப்பா சொன்ன இன்னொரு போட்டோக்காரரின் பெயர் என் வாயில் நுழைய நாளானது: ஹென்றி கார்ட்டியே-பிரெசோன். பிரெஞ்சுக்காரர். 1948 ஜனவரி 30 அன்று காந்தி சுடப்படுவதற்குச் சற்று முன்னால் அவரைப் பார்த்துவிட்டு வந்தவர். 1950 ஏப்ரலில் அவர் எங்கள் ஊரில், ரமணாசிரமத்தில் இருந்தார். கையில் சின்ன லைக்கா. வெளிச்சத்தைப் பெரும்பாலும் கண்ணாலேயே கணித்தவர் என்பதால் சித்தப்பாவுக்கு அவர்மேல் தனிப் பிரியம். ரமணரின் கடைசி நாட்களை அவர் படம் எடுத்தார். ஏப்ரல் 14 இரவு 8.47-க்கு ரமணர் உயிர் பிரிந்தபோது, வானத்தில் ஒரு எரிநட்சத்திரம் மலையை நோக்கி மெதுவாக நகர்ந்து மறைந்ததைத் தான் கண்டதாக அவர் சொல்லியிருக்கிறார்.

"அத படம் எடுத்தாரா சித்தப்பா?"

"எப்டி எடுக்க முடியும்? ராத்திரிக்கு ஷட்டரத் தொறந்து வெச்சிட்டுக் காத்திருந்தாதான் நட்சத்திரம் கோடா விழும். வரும்னு யாருக்குத் தெரியும்?"

அதற்குப் பிறகு வெகு நாள், இரவில் மலைமேல் ஷட்டரைத் திறந்துவைத்துக் காத்திருப்பது பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். பௌர்ணமிப் படங்களுக்கு அவர் என்னைக் கூட்டிக்கொண்டு போனது அப்போதுதான் தொடங்கியது. விருபாட்ச குகையையும் முலைப்பால் தீர்த்தத்தையும் தாண்டிக் கந்தாசிரமம் போகிற வழியில் ஓர் இடத்திலிருந்து பார்த்தால், கீழே கோயில் முழுசாக விரிந்து கிடக்கும். நிலா அதற்கும் அப்பால், கிழக்கே எழும். ஆனால் அவர் போவது பௌர்ணமிக்கு முந்தின நாள். அன்றைக்கு நிலா ஏறத்தாழ ஐம்பது நிமிஷம் முன்னதாக எழுந்துவிடும். கோபுரங்களில் இன்னும் வெளிச்சம் பாக்கி இருக்கும். பௌர்ணமி அன்றைக்கே போனால் நிலா ஏறி வருவதற்குள் கோயில் இருண்டுவிடும். நிலாவுக்கு வைத்தால் கோயில் இல்லை, கோயிலுக்கு வைத்தால் நிலா வெறும் வெள்ளை ஓட்டை. நிலா என்பது வெயில் படுகிற கல் என்பார். அதற்கும் கிட்டத்தட்ட பகல் கணக்கேதான், ஒரு படி மட்டும் திறந்து பதினொன்று.

பல வருஷம் கழித்து, அமெரிக்கரான ஆன்சல் ஆடம்ஸ் 1941 நவம்பர் 1-ஆம் தேதி நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸில் எடுத்த நிலவெழுச்சிப் படத்தைப் பற்றிப் படித்தபோது மனசு துள்ளியது. சாயங்கால வெளிச்சம் கல்லறைச் சிலுவைகளை விட்டு நகர்ந்துகொண்டிருந்தது. அளக்கிற கருவி கைக்கு அகப்படவில்லை. நிலாவின் வெளிச்சம் எவ்வளவு என்பது அவருக்கு மனப்பாடம். அதிலிருந்து கணக்குப் போட்டு, எஃப் 32-இல் ஒரு விநாடி வைத்தார். இரண்டாவது படத்துக்கு ஃபிலிமைத் திருப்புவதற்குள் சிலுவைகளின் மேலிருந்த வெயில் போய்விட்டது. ஒரே ஒரு நெகட்டிவ். சித்தப்பா இதைப் படித்ததில்லை. ஆனால் அந்தச் சாலையோரத்தில் ஆடம்ஸ் பட்ட அவசரம் முழுவதும் அவருக்குத் தெரியும்.

தீபத்துக்கு அவர் ஒரு மாதம் முன்பே தயாராவார். கார்த்திகைத் தீபத்தன்று சாயங்காலம் ஆறு மணிக்கு, அர்த்தநாரீசுவரர் கொடிமரத்தருகே சில நிமிஷம் மட்டும் வெளிவந்து திரும்புவார். அந்தக் கணத்தில் மலை உச்சியில், 2,668 அடி உயரத்தில், பர்வதராஜ குலத்தார் மகா தீபத்தை ஏற்றுவார்கள். இப்போதெல்லாம் கொப்பரையில் டன் கணக்கில் நெய். பதினோரு நாள் எரியும். ஆறு மணி என்பது போட்டோக்காரருக்கு எவ்வளவு பெரிய வரம் என்று சாமி கும்பிடுகிறவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். அந்த மாதத்தில் சூரியன் ஐந்தே முக்காலை ஒட்டி அடிவானத்தில் இறங்கிவிடும். ஆறு மணிக்கு மலைக்குப் பின்னால் வானம் கருநீலம். முழுக்க இருட்டவில்லை. மலையின் கோடு இன்னும் தெரியும். அரை மணி தாமதித்தால் மலை வானத்தோடு கலந்து, தீபம் அந்தரத்தில் தொங்கும்.

மாடியில் முக்காலி, அதன் கால்களுக்கு மணல் மூட்டை. ஷட்டர் பி-யில், நாம் விடும்வரை திறந்தே இருக்கும். பூட்டு வைத்த கேபிள் ரிலீஸ். துளை பதினொன்று. கையில் ஒரு கறுப்பு அட்டை. ஆறுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது ஷட்டரைத் திறந்து, நான்கு எண்ணும்வரை மலையையும் வீதியையும் பதியவிடுவார். பிறகு ஷட்டரை மூடாமலே லென்ஸின் முன்னால் அட்டையைப் பிடித்துக்கொள்வார். கோயிலுக்குள்ளிருந்து அரோகரா எழும். மாடி மாடியாக அது பரவி வரும். உச்சியில் சுடர் கிளம்பியதும் அட்டையை எடுப்பார். வீடுகளில் அகல் ஏற்றுவார்கள், தெருவிளக்கு எரியும், எங்கோ வாணம் சீறும். எல்லாமும் அதே சதுரத்தில் சேரும். எத்தனை எண்ணுவது என்பதில் ஒரு நுட்பம் இருந்தது. ஒரு விநாடிக்கு மேல் போனால் ஃபிலிமுக்குச் சோம்பல் வந்துவிடும், கணக்குப்படி ஐந்து என்றால் பத்து கொடுக்க வேண்டும். அரோகராவுக்கு நடுவில் நான் உரக்க எண்ணுவேன். பத்து ஆனதும் அட்டை திரும்ப வரும்.

அந்தப் படத்துக்கு வருஷா வருஷம் கிராக்கி. சிலர் மட்டும், தீபம் கடுகளவுதானே இருக்கிறது, வெட்டிப் பெரிதாக்கித் தரக்கூடாதா என்று கேட்பார்கள். வியாபாரத்தில் வளைந்து கொடுக்கிற மனிதர் இதில் மட்டும் வளையமாட்டார். "தீபம் அவ்ளோதாங்க. கீழ இத்தினி வீடு அத பாத்துனு நிக்குது பாருங்க, அதான் படம்" என்று சொல்லி, பிரிண்டை அவர்கள் பக்கமாகத் திருப்பி வைப்பார்.

என் கேமராவில் இப்போது ஃபிலிம் இல்லை. மூன்றாவதாக, வேகத்துக்கென்று ஐஎஸ்ஓ என்ற ஒரு சக்கரம் கூடியிருக்கிறது. அவர் சுருள் தீரும்வரை 125-ஐயே கட்டிக்கொண்டு அழ வேண்டியிருந்தது, நான் படத்துக்குப் படம் வேகத்தை மாற்றிக்கொள்ளலாம். சோம்பல் கணக்கும் கிடையாது, ஐந்து என்றால் ஐந்துதான். ஒரு விதி மட்டும் தலைகீழாகிவிட்டது. நெகட்டிவில் நிழல் போனால் திரும்பாது. டிஜிட்டலில் வெளுத்துப்போனது திரும்பாது. அதனால் இன்று நான் முகத்துக்குத் திறப்பதற்கு முன், கோபுரத்துச் சுதையின் மிக வெளிச்சமான மூலையைப் பார்க்கிறேன், அது தாங்குகிற அளவோடு நிறுத்திக்கொண்டு நிழலைப் பிறகு மேலே தூக்குகிறேன். தீபத்தன்று, கைப்பேசிகள் தாமாகவே இருட்டைப் பகலாக்கிக் காட்டுகிற கூட்டத்தின் நடுவே, சக்கரத்தை மேனுவலுக்கான எம்-இல் வைத்து ஆறு மணிக்கு முன்னால் ஒரு படம் எடுத்துச் சரிபார்ப்பேன். பக்கத்து மாடிப் பிள்ளைகள் வந்து எட்டிப் பார்த்து, எவ்வளவு வைக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதையே இங்கேயும் எழுதுகிறேன். ஐஎஸ்ஓ 400, துளை எட்டு, ஃபோகஸ் மலையின் விளிம்பில் வைத்துப் பூட்டியது, முக்காலி கட்டாயம், இரண்டு விநாடி. மழை மேகம் மூடியிருந்தால் நான்கு.